கோடைப் பயிற்சிக்கு உணவுக்கூடம், ஓய்வு நாளுக்கு மலை: இரண்டும் முடியுமா?

கேள்வி: அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஹோட்டல் மேலாண்மை இளங்கலை படிக்கிறேன். இரண்டாம் ஆண்டு முடியப்போகிறது. சொந்த ஊர் திருநெல்வேலி. இந்தக் கோடையில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் உள்ள பல்கலைக்கழகத்தின் உணவுப் பிரிவில் எட்டு வாரப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. "பாத்திரம் கழுவவா அவ்வளவு தூரம் போனாய்?" என்று அம்மா கேட்கிறார். உடன் படிப்பவர்கள் பெரிய ஹோட்டல்களுக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள். மாணவர்கள் ஊருக்குப் போய்விட்ட வளாகத்தில் கற்றுக்கொள்ள என்ன இருக்கும் என்று எனக்கும் குழப்பம். உண்மையைச் சொன்னால், இந்த இடத்துக்கு விண்ணப்பித்ததற்குப் பாதிக் காரணம் ராக்கி மலைத்தொடர்தான். மலையேறிப் பழக்கம் இல்லை, கார் இல்லை. ஓய்வு நாள்களைக் கேட்டு வாங்கினால் வேலையில் அக்கறை இல்லாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. போகலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கட்டாயம் போங்கள். மலைக்காகத்தான் விண்ணப்பித்தேன் என்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. பல்கலைக்கழகங்களிலும் மருத்துவமனைகளிலும் பெரிய சமையற்கூடங்களை நடத்தும் தொழிலில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓர் ஊருக்கு ஆசையோடு வருகிறவர்கள்தான் அந்த ஊரின் அடுப்படியிலும் ஆசையோடு நிற்கிறார்கள். ஆனால் இந்த எட்டு வாரம் கைநழுவிப் போய்விடவும் கூடும். வேலையில் என்ன கற்கப்போகிறீர்கள், எந்த நாள்களில் மலைக்குப் போகப்போகிறீர்கள் என்ற இரண்டையும் போவதற்கு முன்பே எழுத்தில் பேசி முடித்துவிட வேண்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டும் பாதியில் நிற்கும்.

முதலில் அம்மாவின் கேள்வி. ஆமாம், பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு நாளாவது நிற்பீர்கள். நிற்கச் சொல்லாவிட்டால் நீங்களே கேட்டு நில்லுங்கள். சாப்பிட்ட தட்டுகள் ஓடுபட்டையில் வரிசையாக உள்ளே வரும் இடம் அது. பரிமாறும் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாத உண்மை அங்கே தெரியும். கோழி முழுதும் காலியாகி, பக்கத்தில் வைத்த கீன்வா என்ற தானியம் மட்டும் தொடப்படாமல் தட்டுத் தட்டாகத் திரும்பி வருகிறது என்றால், அந்தப் பதார்த்தம் அடுத்த முறை பட்டியலில் இருக்கலாமா, அளவைக் குறைப்பதா, உப்பு போதவில்லையா என்று அங்கேயே யோசிக்கத் தொடங்கிவிடலாம். நல்ல மேலாளர்கள் மதிய நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு நடை போய்வருவதைப் பார்ப்பீர்கள். அங்கே ஆண்டுக்கணக்கில் வேலை செய்பவர்களிடம் பெயர் கேட்டுப் பேசுங்கள். எந்தப் பதார்த்தம் எந்தக் கிழமையில் மிஞ்சும் என்பதை அவர்களைப் போலச் சொல்ல யாராலும் முடியாது.

ஹோட்டலுக்குப் போகும் தோழிகளைப் பார்த்து ஏங்கவும் வேண்டாம். ஹோட்டல் விருந்தில் சாப்பிட்டவர் மறுநாள் ஊருக்குப் போய்விடுவார். வளாகத்தில் அதே மாணவர் ஒன்பது மாதம், நாளுக்கு மூன்று வேளை, உங்கள் கையால் சாப்பிடுகிறார். அவருக்குச் சலிப்புத் தட்டாமல் நான்கைந்து வாரச் சுழற்சியில் உணவுப் பட்டியல் போட வேண்டும். அந்தக் கூட்டத்தில் நட்ஸ் ஒவ்வாதவர், கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற பசைப்புரதம் ஒவ்வாதவர், ஹலால் மட்டும் உண்பவர், இறைச்சி தொடாதவர் எல்லோரும் இருப்பார்கள். அமெரிக்கச் சட்டம் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களாகக் குறிப்பிடுபவை ஒன்பது: பால், முட்டை, மீன், ஓட்டுடலிகள், மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா, எள். ஒன்பதாவதான எள் 2021இல் வந்த சட்டத்தால் சேர்க்கப்பட்டு, 2023 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நல்லெண்ணெயும் எள்ளுப்பொடியும் இல்லாத வீடு தெரியாத நமக்கு, எள்ளால் ஒருவருக்கு மூச்சு முட்டும் என்பதே புதிய செய்தி. ஒரு கரண்டி மாறினால் என்ன ஆகும் என்ற கவனம் இந்த வேலையில்தான் கைக்கு வரும்.

கோடையில் வளாகம் காலி என்று நினைக்கிறீர்கள். காலியாக இருக்காது, கூட்டம்தான் மாறும். இலையுதிர் பருவத்தில் சேரப்போகும் புது மாணவர்கள் பெற்றோருடன் அறிமுக நாள்களுக்கு வருவார்கள். பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு முகாம்கள், மாநாடுகள், கோடைக்கால வகுப்புகள் நடக்கும். பருவ காலத்தில் இன்று எத்தனை பேர் வருவார்கள் என்பது ஏறக்குறையத் தெரிந்த கணக்கு. கோடையில் திங்கட்கிழமைக் கணக்கு வியாழக்கிழமைக்கு உதவாது. கால்பந்து முகாமுக்கு வந்த பிள்ளைகள் காலையில் முட்டையும் இறைச்சியும் மூன்று முறை வாங்குவார்கள். மாநாட்டுக்கு வந்த பேராசிரியர்கள் பழமும் காபியும் போதும் என்பார்கள். இருவருக்கும் தலைக்கு இத்தனை கிராம் என்று ஒரே அளவில் சமைத்தால் ஒரு நாள் போதாது, மறுநாள் குப்பைக்குப் போகும். எத்தனை பேருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே மதிப்பிடுவதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. அதைக் கற்க அந்த எட்டு வாரத்தைவிட நல்ல காலம் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. அடுத்த ஆண்டுக்கான பட்டியலைத் திருத்துவதும், புதுச் சமையல் குறிப்புகளைச் செய்து பார்ப்பதும், விலை போடுவதும் பெரும்பாலும் கோடையில்தான் நடக்கின்றன. செப்டம்பர் வந்துவிட்டால் மேலாளருக்கு உங்களோடு உட்கார்ந்து ஒரு கிண்ணம் சூப்பின் அடக்க விலையைக் கணக்குப் போட்டுக் காட்ட நேரம் இருக்காது. ஜூனில் இருக்கும். அதனால் பயிற்சித் திட்டத்தை இப்போதே கேளுங்கள்: எந்த வாரம் கொள்முதல், எந்த வாரம் சமையற்கூடம், எந்த வாரம் விருந்துப் பிரிவு, உணவியல் வல்லுநருடன் எத்தனை நாள். அப்படி ஒரு தாள் இல்லை என்று பதில் வந்தால் நீங்களே ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பி, "இப்படி அமைக்க முடியுமா?" என்று கேளுங்கள். கேட்கிற பயிற்சியாளரை யாரும் தவறாக நினைப்பதில்லை. கேட்காதவரைத்தான் எட்டு வாரமும் சாலட் நறுக்கும் மேசையில் நிறுத்திவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

உங்களுக்கென்று ஒரு சிறு ஆய்வு வேலையையும் கேட்டு வாங்குங்கள். போல்டருக்கே உரிய ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,655 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் கோத்தகிரியைவிடச் சற்றே தாழ்வு. காற்றழுத்தம் குறைவதால் அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, ஏறக்குறைய 94.5 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொதி எவ்வளவு பொங்கினாலும் பானைக்குள் இருக்கும் சூடு அவ்வளவுதான். அதனால் அரிசிக்கும் பருப்புக்கும் கூடுதல் நேரமும் கூடுதல் தண்ணீரும் வேண்டும், கொண்டைக்கடலை பொறுமையைச் சோதிக்கும். கேக்கும் மஃபினும் சட்டென்று எழும்பி நடுவில் அமுங்கும், பேக்கிங் பவுடரைக் குறைக்க வேண்டியிருக்கும். சமவெளியில் எழுதப்பட்ட சமையல் குறிப்பை இருநூறு பேருக்குப் பெருக்கி அங்கே அப்படியே சமைத்தால் நடுவில் அரிசி அரைவேக்காடாக நிற்கும். ஒரே பாஸ்மதி அரிசியைத் திறந்த பாத்திரத்திலும், நீராவி அடுப்பிலும், நீராவியும் சூடான காற்றும் சேர்ந்து வேகவைக்கும் காம்பி அவனில் மூடிய தட்டிலும் வேகவைத்து, நேரத்தையும் தண்ணீரையும் குறித்து ஒரு பக்க அட்டவணையாக மேலாளரிடம் கொடுங்கள். குக்கர் விசில் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு இதில் கை தானாக ஓடும். நீங்கள் அங்கிருந்து கிளம்பிவிட்ட பிறகும் அந்தத் தாள் அந்தச் சமையற்கூடச் சுவரில் ஒட்டியிருக்கலாம்.

அதே அரிசியை ஆற வைப்பதையும் உன்னிப்பாகப் பாருங்கள். நம் வீடுகளில் மீந்த சோற்றை இரவு முழுக்கப் பானையிலேயே விட்டுப் பழக்கம். அங்கே அது நடக்காது. வெந்த உணவு 57 டிகிரியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அதிலிருந்து அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு விதி. வெந்த சோற்றிலும் தாக்குப்பிடிக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வெதுவெதுப்பில் பெருகி நச்சு உண்டாக்கும், அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆகவே சோற்றை ஆழமில்லாத தட்டுகளில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மூடாமல் குளிர் அறையின் மேல் தட்டில் வைத்து, வெப்பமானியைக் குத்தி நேரத்தோடு ஏட்டில் எழுதுவார்கள். ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் கையுறையைக் கழற்றும் நேரத்தில் அந்த ஏட்டை யார் நிரப்புகிறார் என்று பாருங்கள். அந்தச் சமையற்கூடத்தில் பொறுப்பானவர் யார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அவர் பக்கத்திலேயே இருந்துகொள்ளுங்கள்.

காகித வேலைக்கு வருகிறேன். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் நீங்கள் உங்கள் சொந்த வளாகத்தில் விடுமுறைக்காலத்தில் முழுநேரம் வேலை செய்யலாம். இது வேறு பல்கலைக்கழகம். ஆகவே பாடத்திட்டத்தின் பகுதியான பயிற்சி என்று, அதாவது சி.பி.டி. அனுமதியாக, உங்கள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகம், உங்கள் மாணவர் தகுதிக்குச் சான்றான ஐ-20 படிவத்தில் பதிந்து கையெழுத்திட வேண்டும். ஒரு முழுக் கல்வியாண்டு முடித்துவிட்டீர்கள் என்பதால் தகுதி உண்டு. பெரும்பாலும் அதற்கென ஒரு பாடப்பிரிவில் பதிவுசெய்யச் சொல்வார்கள், கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதித் தேதிக்கு ஒரு நாள் முன்னதாகக்கூட வேலையைத் தொடங்கக் கூடாது, "சும்மா வந்து பார்" என்று அழைத்தாலும் கூடாது. முழுநேரச் சி.பி.டி. பன்னிரண்டு மாதத்தை எட்டினால்தான் படிப்பு முடிந்தபின் அங்கே வேலை செய்ய விடும் ஓ.பி.டி. வாய்ப்பு பறிபோகும். எட்டு வாரத்தால் பாதகமில்லை. சம்பளம் உண்டென்றால் சமூகப் பாதுகாப்பு எண் தேவைப்படும். எஃப்-1 மாணவர்களுக்குப் பொதுவாக முதல் ஐந்து நாள்காட்டி ஆண்டுகளில் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) ஆகியவற்றுக்கான பிடித்தம் கிடையாது. முதல் சம்பளச் சீட்டில் அந்த இரண்டு வரிகளைப் பாருங்கள், பிடித்திருந்தால் உடனே கேளுங்கள்.

இனி மலை. இங்கேதான் உங்களைப் போன்றவர்கள் கணக்குத் தவறுகிறார்கள். சமையற்கூடம் விடியற்காலையில் தொடங்கி மதியம் இரண்டு மூன்று மணிக்கு முடிகிற வேலை. மீதிப் பொழுதில் மலைக்குப் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் ராக்கி மலையும் விடியற்காலையைத்தான் கேட்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கே பிற்பகலில் இடி மின்னல் மழை அடிக்கடி வரும். காலையில் துளி மேகமில்லாத வானம் மதியத்துக்குள் கறுத்துவிடும். மர எல்லைக்கு மேலே, அதாவது மரங்கள் வளர முடியாத சுமார் 3,500 மீட்டருக்கு அப்பால், ஒதுங்க ஒரு புதர்கூட இல்லாத வெட்டவெளியில் நிற்பவர்தான் அங்கே உயரமான பொருள். நண்பகலுக்குள் மர எல்லைக்குக் கீழே இறங்கிவிட வேண்டும் என்பது அந்த ஊர் மலையேறிகளின் பாலபாடம். ஆக, வேலை நாள் பிற்பகலில் உயரமான மலை என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். உயரத்துக்கு முழு ஓய்வு நாள் வேண்டும், அதுவும் அடுத்தடுத்து இரண்டு நாள் கிடைத்தால் நல்லது: ஒன்று மலைக்கு, மற்றது காலுக்கு.

இதைக் கேட்பதில் அக்கறைக்குறைவு எங்கே இருக்கிறது? "எனக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு எந்தக் கிழமைகளில் வந்தாலும் சரி, அடுத்தடுத்து வந்தால் உதவியாக இருக்கும்" என்று எழுதுங்கள். சனி, ஞாயிறுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். முகாம்களும் மாநாடுகளும் மேலாளருக்கு நெருக்கடி தரும் நாள்களில் நீங்கள் வேலைக்கு நின்றால் அவருக்கு அது பெரிய உதவி. செவ்வாய், புதனில் ஓய்வு கிடைத்தால் உங்களுக்கும் யோகம்தான், வார இறுதிகளில் பாதைகளில் ஆள் நெரிசல், வார நடுவில் அமைதி. ஒப்புக்கொண்ட ஷிஃப்ட்டை மலைக்காகக் கடைசி நேரத்தில் மாற்றிக் கேட்பதுதான் பெயரைக் கெடுக்கும்.

வேலை நாளுக்கும் அந்த ஊரில் மலை உண்டு. போல்டர் மக்கள் 1967இல் தங்கள் விற்பனை வரியை உயர்த்திக்கொள்ள வாக்களித்து, அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றியுள்ள நிலத்தை வாங்கி வீடு கட்டாமல் காப்பாற்றினார்கள். அப்படிச் செய்த முதல் அமெரிக்க நகரம் அது. அதன் பயனாக ஃபிளாட்அயர்ன்ஸ் என்ற சாய்ந்த செம்பாறைகளின் அடிவாரத்துக்கு வளாகத்திலிருந்தே நடந்து போகலாம். 1898இல் தொடங்கிய சட்டாக்குவா பூங்காவிலிருந்து பாதைகள் பிரிகின்றன. முதல் வாரம் அந்தப் புல்வெளிப் பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வானம் தெளிவாக இருக்கும் மாலைகளில் மவுண்ட் சானிடாஸ் என்ற சிறு மலையில் ஏறிப் பழகுங்கள். மூன்றாம் நான்காம் வாரத்தில், ஓய்வு நாளின் காலையில், 2,578 மீட்டர் உயரமுள்ள பேர் பீக் சிகரத்தை முயலலாம். அது ஏறக்குறையத் தொட்டபெட்டா உயரம். ஆனால் ஊட்டியில் உச்சிவரை வண்டி போகும், இங்கே முழுதும் கால்தான்.

ராக்கி மவுண்டன் தேசியப் பூங்கா அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போகும் தொலைவு. 1915இல் அமைந்தது. அதன் டிரெயில் ரிட்ஜ் சாலை 3,713 மீட்டர் வரை ஏறுகிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த ஆனைமுடியே 2,695 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். காரை விட்டு இறங்கி நான்கு அடி வேகமாக நடந்தாலே மூச்சு வாங்கும். சில ஆண்டுகளாகக் கோடையில் உள்ளே போக நேரம் குறித்து முன்பதிவு கேட்கிறார்கள், அந்த ஆண்டின் விதியைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்து முன்னதாகவே பதிந்துகொள்ளுங்கள். முதல் முறைக்குப் பேர் லேக் (Bear Lake) என்ற ஏரியிலிருந்து எமரால்டு ஏரிவரையிலான பாதை உங்களுக்கு ஏற்றது. போக மூன்று கிலோமீட்டர்தான், வழியில் இன்னும் இரண்டு ஏரிகள். ஜூன் தொடக்கத்தில் அங்கே பனி கிடக்கும், ஆகவே ஜூன் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். 4,346 மீட்டர் உயரமுள்ள லாங்ஸ் பீக் உச்சிக்கு இந்த ஆண்டு ஆசைப்படாதீர்கள். அதன் கடைசிப் பகுதி பழக்கமில்லாதவர்களுக்கு உரியதில்லை, யார் கூட்டிப் போகிறேன் என்றாலும் சரி.

கார் இல்லாதது பெரிய தடையில்லை. ஊருக்குள் பஸ் நன்றாக ஓடுகிறது. மலைக்குப் போகும் சக ஊழியர்களோடு சேர்ந்துகொண்டு பெட்ரோல் செலவைப் பகிருங்கள். கூடாரம், படுக்கைப்பை எதையும் விலைக்கு வாங்காதீர்கள், பல்கலைக்கழக உடற்பயிற்சி மையங்களில் வெளிப்புறச் சாதனங்களை வாடகைக்குத் தரும் பிரிவு பெரும்பாலும் இருக்கும். காலணி மட்டும் சொந்தமாக வேண்டும், அதுவும் இரண்டு ஜோடி. எண்ணெய்ப் பிசுக்குத் தரையில் வழுக்காத சமையற்கூடக் காலணியை மலைக்குப் போடாதீர்கள், மலைக் காலணியின் மண்ணோடு சமையற்கூடத்துக்குள் நுழையாதீர்கள்.

மலையில் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் வந்தால் அது உயரத்தால் வருவது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து சமாளிக்கப் பார்க்காமல் இறங்கத் தொடங்குங்கள், இறங்க இறங்கச் சரியாகும். காற்று வறண்டிருப்பதால் வியர்ப்பதே தெரியாது, தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும். தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று உடன் தங்கியிருப்பவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வழி தவறினாலோ அடிபட்டாலோ பணத்துக்குப் பயந்து உதவி கேட்காமல் இருந்துவிடாதீர்கள். அங்கே 1947 முதல் இயங்கும் ராக்கி மவுண்டன் ரெஸ்கியூ குரூப் முழுக்கத் தன்னார்வலர்களால் ஆனது, மீட்பதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஆம்புலன்சும் மருத்துவமனையும் வாங்கும். உங்கள் கல்லூரிக் காப்பீடு கோடை மாதங்களிலும் வேறு மாநிலத்திலும் செல்லுமா என்று இந்த வாரமே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அம்மாவிடம் வேலையின் பெயரைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். நாளொன்றுக்கு எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், எத்தனை கிலோ அரிசி வேகிறது, நீங்கள் எதற்குப் பொறுப்பு என்று முதல் வாரமே தொலைபேசியில் சொல்லுங்கள். கல்யாணச் சமையலை மேற்பார்த்த கை எந்தக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும், அந்த அளவுகள் நம் அம்மாக்களுக்கு உடனே விளங்கும். மலைக்குப் போன செய்தியைத் திரும்பி வந்த பிறகு சொல்லாமல், போவதற்கு முன்பே சொல்லிவிட்டுப் போங்கள்.

மேலாளருக்கான கடிதத்தில் மூன்றே கேள்விகள் போதும்: வாரவாரித் திட்டம் உண்டா, உயரத்தில் அரிசி வேகும் அளவைப் பற்றிச் சிறு ஆய்வு செய்யலாமா, ஓய்வு நாள்கள் அடுத்தடுத்து அமையுமா. பணிநேரப் பட்டியலைப் பல வாரங்களுக்கு முன்பே போட்டுவிடுவார்கள் என்பதால் ஏப்ரல் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். ஐ-20 கையெழுத்துக்கும் அதே வாரத்தில் நாள் கேட்டுவிடுங்கள், பருவத் தேர்வு நேரத்தில் அந்த அலுவலகத்தில் வரிசை நீளும்.